செருப்பைக் கழற்றி நடந்து பார்த்தவர்

செய்தி வந்தபோது நான் தூண்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். புதிதாகக் கான்கிரீட் போட்ட தூண்களைச் சாக்கால் சுற்றியிருப்பார்கள். அந்தச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கொத்தனார் காசி அண்ணன் சாரத்தின் மேல் நின்றபடி போனில் பேசினார். பேசி முடித்ததும் கரண்டியைக் கழுவினார். மதியத்துக்கு முன்னால் அவர் கரண்டி கழுவி நான் பார்த்ததில்லை. இறங்கி வந்து என் கையிலிருந்த குழாயை வாங்கி ஓரமாகப் போட்டார்.

"பாப்பா, ஊட்டுக்குப் போலாம் வா. காக்களூர்ல மேஸ்திரிக்கு நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

மேஸ்திரி என்றால் என் சித்தப்பா ஆசீர்வாதம். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு ஜன்னல் கிரில் பார்க்கப் போயிருந்தார். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பட்டறைக்காரர் மறுநாள் அடக்கத்துக்கு வந்தபோது சித்தியிடம் சொன்னார்: "வெட்டிப் போடற கம்பித் துண்டையெல்லாம் இன்னா பண்றீங்கன்னு கேட்டாரும்மா. சிரிச்சிக்கினேதான் கேட்டாரு. நான் பதில் சொல்லத் திரும்பினேன், அவ்ளோதான்."

அழுதுகொண்டிருந்த சித்தி அதைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அங்கயும் குப்பையைப் பத்திதான் கேட்டாரா?" என்றார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அவரை நினைத்தால் இப்போதும் முதலில் வருவது சிரிப்புதான்.

முப்பதாம் நாள் ஜெபக் கூட்டத்தில் குடும்பத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்றார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். காசி அண்ணன் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சித்தப்பாவை அறியாதவர்களும் அன்று வருவார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர். சித்தப்பா சிறு வயதிலேயே கட்டட வேலைக்குப் போய்ச் சித்தாளாக மண் சுமந்து, கொத்தனாராகி, பிறகு சின்னக் கான்ட்ராக்டர் ஆனார். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் பல அவர் கட்டியவை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் மதில் சுவர்களும் கேன்டீன் ஷெட்டுகளும் கட்டியிருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுத்தான் வேலைக்கு வருவார். சாயங்காலம் அந்தச் சட்டையின் கையில் சிமெண்டு காய்ந்திருக்கும். சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டேன். எழுந்து நின்று பதில் சொல்வது எனக்கு ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். சித்தப்பா மட்டும் திட்டவில்லை. "எங்கூட வா. தண்ணி ஊத்து. செவுரு உன்ன கேள்வி கேக்காது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதன் பிறகு நான் அவருடைய எல்லா வேலைகளிலும் இருந்தேன். இங்கே எழுதுவதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்ததும் கேட்டதும்தான்.

எங்கள் காலனியின் கல்லறைத் தோட்டம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயின் ஓரமாகவே போகும் மண்பாதைதான் அங்கே போக ஒரே வழி. மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறு இருக்கும். எங்கள் காலனியில் வயதானவர்களுக்கு ஐப்பசியில் உடம்பு முடியாமல் போனால், "தை மாசம் வரைக்கும் எப்படியாவது இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கேன், உங்களுக்கு ஏன் கஷ்டம்" என்பார்கள். வேடிக்கையாகத்தான் சொல்வார்கள், ஆனால் பயந்துதான் சொல்வார்கள்.

போன மழைக்கு முந்தைய மழையில் சித்தியின் அக்கா ரூபி பெரியம்மா இறந்துபோனார். அன்று கால்வாய் நிரம்பிப் பாதைக்கு மேலே தண்ணீர் ஓடியது. பெட்டியைத் தூக்கியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவருக்குக் கால் வழுக்கிப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வேறு வழியில்லாமல் கரை மேல் இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் வடிவதற்காக எல்லோரும் மழையில் நின்றோம். சித்தி தன் தலையை விட்டுவிட்டுப் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஏன் வடியவில்லை என்று சித்தப்பா கால்வாயோரமாகப் போய்ப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் கட்டட இடிபாடு ஒரு மேடாகக் கிடந்து கால்வாயை அடைத்திருந்தது. அதில் மஞ்சள் பூப்போட்ட டைல்ஸ் துண்டுகள் தெரிந்தன. அந்த டைல்ஸ் அவருக்கு நன்றாகத் தெரியும். எளாவூரில் ஒரு வீட்டின் பழைய குளியலறையை அவர்தான் இடித்தார்.

இடிபாடு ஏற்றிப் போகும் டிராக்டர் சீனய்யாவுடையது. சீனய்யா ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், தெலுங்கு கலந்துதான் பேசுவார். அன்று அவரும் அடக்கத்துக்கு வந்திருந்தார்.

"சீனய்யா, இது நம்ம எளாவூர் ஊட்டு டைல்ஸ் தானே?"

"ஆமா நைனா."

"இங்க ஏன்யா கொட்டினே?"

"நீதானே நைனா, எங்கனா கொட்டிட்டு வான்னே. இது எங்கனாதானே?"

எங்கள் பக்கத்துக் கட்டட வேலைகளில் எல்லாக் கான்ட்ராக்டரும் கடைசி நாளில் சொல்லும் வார்த்தை அதுதான், எங்கனா கொட்டிடு. வீட்டுக்காரரும் கேட்க மாட்டார், இன்ஜினியரும் கேட்க மாட்டார். டிராக்டர் திரும்பி வந்தால் போதும். அன்று தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் பெரியம்மாவை அடக்கம் செய்துவிட்டு வரும்போது சித்தப்பா சித்தியிடம், "அடுத்த மழைக்குள்ள இந்த வழிய நான் ஏத்திக் குடுக்கறேன்" என்றார். சித்தி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே நடந்தார்.

வெயில் வந்ததும் சித்தப்பா தன் ஆட்களை வைத்துக் கால்வாயிலிருந்து அந்த இடிபாட்டை அள்ளினார். அள்ளியதை அப்படியே பாதையில் கொட்டிப் பரப்பி, மேலே கொஞ்சம் மண் தூவி, டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தினார். கால்வாயும் திறந்தது, பாதையில் பாதி தூரம் மேடாகவும் ஆனது. அவருக்கு ஒரே பெருமை. அதன் மேல் நின்று போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்.

அடுத்து ஒரு தாத்தாவின் அடக்கம் வந்தது. எங்கள் காலனியில் பெட்டியைத் தூக்குகிறவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். அது இங்கே பழக்கம். சித்தப்பாவும் தூக்கினார். புதுப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் போனவர் நின்றார். பிறகு அடுத்தவர் நின்றார். டைல்ஸ் துண்டுகளின் முனை, கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங் பலகையிலிருந்து விழுந்த ஆணிகள், கட்டுக்கம்பி நுனிகள் எல்லாம் அந்த இடிபாட்டோடு கலந்து கிடந்தன. பாதியில் பெட்டியை இறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து முடித்தார்கள். சித்தப்பாவின் காலில் ஏறியது அவருடைய வேலையில் அடித்த ஆணியேதான்.

ஊசி போட அவரோடு நானும் சித்தியும் போனோம். அங்கே நர்ஸம்மா, "எங்க குத்துச்சி?" என்று கேட்டார்.

"சென்ட்ரிங் ஆணிம்மா, கல்லறைத் தோட்டத்து வழில."

"அங்க இன்னா சென்ட்ரிங் வேல?"

"அந்த வழிய நான்தாம்மா போட்டேன்" என்றார் சித்தப்பா.

சித்தி அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். "செத்தவங்கள தூக்கிக்கினு போக வழி போடுன்னா, தூக்கறவங்கள சாவடிக்க வழி போட்டு வெச்சிருக்காரு." நர்ஸம்மா திரும்பி நின்று சிரித்தார். சித்தப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயம் ஆறியதும் போட்ட இடிபாட்டையெல்லாம் மறுபடி கிளறிப் பொறுக்க வைத்தார். அதன் பிறகு எந்த வேலை தொடங்கினாலும் முதல் நாள் பூஜையோ ஜெபமோ முடிந்த கையோடு, சுண்ணாம்புத் தூளால் தரையில் நான்கு கட்டம் போட்டுவிடுவார். செங்கல்லும் கான்கிரீட்டும் ஒன்றில். கம்பி, ஆணி, கட்டுக்கம்பி ஒன்றில். மரம் ஒன்றில். சிமெண்டுப் பை, பெயிண்டு டப்பா, பிளாஸ்டிக் ஒன்றில். டைல்ஸை மட்டும் சாக்கில் போட்டு உலக்கை போன்ற இரும்பால் மணலாகும் வரை இடிக்கச் சொல்வார். "கலந்து கெடந்தா குப்பை. பிரிச்சிட்டா சரக்கு" என்பார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் கொடுப்பதற்கு முன்னால் செங்கல் குவியலுக்கு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நடப்பார். குத்தினால் அந்தக் குவியலை மறுபடி பிரிக்க வேண்டும். குத்தாவிட்டால்தான் டிராக்டரில் ஏறும். அவருடைய அளவுகோல் அது ஒன்றுதான்.

"மேஸ்திரி தீ மிதிக்கறாரு, மஞ்சத்தண்ணி கொண்டாங்கடி" என்று சித்தாள் பவுனம்மாக்கா கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை நடந்து காட்டுவார்.

காசி அண்ணனுக்கு முதலில் பிடிக்கவில்லை. "பேஜாரு புடிச்ச வேல மேஸ்திரி இது. கட்டறதா, பொறுக்கறதா?" என்று சண்டை போட்டார். சித்தப்பா யோசித்துவிட்டு, "அப்ப பொறுக்கற மாதிரி கீழ போடாத" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து வேலை மாறியது. செங்கல் லோடு வந்தால் லாரியைச் சாய்த்துக் கொட்ட விடாமல் கையால் இறக்கி அடுக்கினோம். பூசும்போது சுவரடியில் தார்ப்பாய் விரித்தோம், விழுந்த கலவையை உடனே வழித்து மறுபடி அடித்தோம். டீ வருவதற்குள் தீரும் அளவுக்குத்தான் கலவை போட்டோம். டைல்ஸை வெட்டுவதற்கு முன்னால் தரையில் காய வைத்து அடுக்கிப் பார்த்து, எங்கே துண்டு விழும் என்று கோடு போட்டோம். கம்பி வெட்டும்போது நீளமானவற்றை முதலில் வெட்டி, மீந்த துண்டுகளை ஜன்னல் மேல் லிண்டலுக்கு வைத்தோம். குவியல் சின்னதானது. யாருக்கும் ஆணி குத்தவில்லை. கொஞ்ச நாளில் காசி அண்ணனே புது ஆட்களை, "டேய், தார்ப்பா போட்டியா?" என்று அதட்ட ஆரம்பித்தார்.

கொட்டேஷன் எழுதும்போது இடிபாடு எங்கே போகும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுவார். அதைப் படித்துவிட்டுச் சில வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிலர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். சீனய்யா ஒவ்வொரு நடையும் கொட்டிய இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சீனய்யா அனுப்பும் எல்லாப் படத்திலும் அவர் முகமே பெரிதாக இருக்கும். "மூஞ்சி வேணாம்யா, மண்ணக் காட்டு" என்று சித்தப்பா போனில் கத்துவது தெரு முனை வரை கேட்கும்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் வழி இருந்தது என்று சொல்ல மாட்டேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை உடைக்காமல் நனைத்துக் கழற்றி, தார்ப்பாயில் சுற்றி வைப்பார். அவற்றை எங்கே கொடுப்பது என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். ஃபால்ஸ் சீலிங் உடைத்த துண்டுகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவை எங்கள் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடக்கின்றன. அந்தத் தார்ப்பாயின் மேல் சித்தி பூசணிக் கொடியை ஏற்றிவிட்டார். காய்த்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு வேலையிலிருந்தும் வந்த செங்கல் துண்டுகளால் கல்லறைப் பாதை நீண்டுகொண்டே வந்தது. கால்வாயைக் கடக்கும் சிறுபாலம் வரை முடிந்துவிட்டது. சிறுபாலத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக் கேட் வரைதான் பாக்கி. அதுதான் இருப்பதிலேயே பள்ளமான இடம். அதற்குத் தேவையான அளவு லோகநாதன் ஐயா வீட்டில் கிடைக்கும் என்று சித்தப்பா கணக்குப் போட்டிருந்தார்.

லோகநாதன் ஐயா பக்கத்துக் கிராமத்தில் நெல் விவசாயம் செய்கிறவர். மகள் கல்யாணத்துக்காகப் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிறார். நான் தூண்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அங்கேதான். இடித்த குவியல் வீட்டு முன்னால் பெரிதாக நின்றது. பவுனம்மாக்காவும் மற்றவர்களும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா இறப்பதற்கு முந்தைய நாள் ஐயா வந்து சத்தம் போட்டார்.

"மேஸ்திரி, ஊட்டு முன்னாடி மலை மாதிரி நிக்குது. சம்மந்தி வந்தா இன்னா நெனைப்பாங்க? ரெண்டு டிராக்டர வெச்சி அள்ளித் தூரப் போடு."

"ஒரு வாரம் குடுங்கய்யா. பிரிச்சி எடுத்துக்கறேன்."

"எல்லா கான்ட்ராக்டரும் ஒரே நாள்ல எடுத்துடறான்."

"எங்க போடறான்னு கேட்டீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்கு?"

"உங்க நெல்லுக்கு வர்ற தண்ணி அந்தக் கால்வாய்லதான்யா வருது."

"நல்லாத்தான் பேசற. மொதல்ல மலைய எடு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஐயா போய்விட்டார். சித்தப்பா என்னைப் பார்த்து, "பாதி ஒத்துக்கினாரு" என்றார்.

மறுநாள்தான் காக்களூர் போனார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடவில்லை. வந்தவர்களெல்லாம் தாழ்ந்த குரலில் பாதையைப் பற்றியே பேசினார்கள். சிறுபாலம் வரை பிரச்சினை இல்லை, அதற்கப்புறம் சேறு. பந்தலில் உட்கார்ந்திருந்த சித்தி காசி அண்ணனைக் கூப்பிட்டார். "காசி, எங்க அக்கா மாதிரி இவரையும் தண்ணில எறக்கி வெச்சிடுவீங்களா?" என்று கேட்டார். காசி அண்ணன் வண்டியை எடுத்தார். பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

லோகநாதன் ஐயா வீட்டுக்குப் போனால் அங்கே பவுனம்மாக்காவும் சித்தாள்களும் ஏற்கனவே வந்திருந்தார்கள். மழையில் குந்தி ஆணியும் கம்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்தேன். சீனய்யா டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐயா குடையோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு அவரும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டார்.

"எடத்தக் காலி பண்ணுன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "இதுக்கா சொன்னேன்?"

"அள்ளுங்கய்யா, நேரமாவுது" என்றார் பவுனம்மாக்கா. ஐயா அள்ளினார்.

டிராக்டர் போய்ப் போய் வந்தது. சிறுபாலத்திலிருந்து கேட் வரை கொட்டினார்கள், பரப்பினார்கள். சீனய்யா சக்கரத்தை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தினார். சிவப்புத் தண்ணீர் ஓரமாக வடிந்து கால்வாயில் இறங்கியது. கால்வாய் நிறையத் தண்ணீர் போனது. ஆனால் எங்கும் நிற்கவில்லை, ஏரிப் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கியவர்கள் வெறுங்காலோடு சிறுபாலத்தில் நின்றார்கள், ஏனென்றால் சீனய்யா கையைக் காட்டி நிறுத்தியிருந்தார். அவர் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு புதிதாகப் போட்ட வழியில் தனியாக நடந்தார். வேகமாக நடக்கவில்லை. இந்த ஓரம், அந்த ஓரம் என்று மாறி மாறிக் கால் வைத்து நடந்தார். ஓர் இடத்தில் நின்று குனிந்து எதையோ எடுத்தார். ஓர் ஆணி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட் வரை போய்த் திரும்பி, மறுபடியும் சிறுபாலம் வரை நடந்து வந்தார். பெட்டியின் பக்கத்தில் நின்று, "வா நைனா, போலாம்" என்றார்.

எங்கும் இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். சித்தி குடை பிடிக்கவில்லை. மழையும் அப்போது தூறலாகிவிட்டது. பெட்டிக்குப் பின்னால் வந்தவர்களில் யார் முதலில் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது சிறுபாலத்தின் மேல் வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. லோகநாதன் ஐயாவின் தோல் செருப்பும் அதில் இருந்தது. நானும் என்னுடையதைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன்.

ஐயா வீட்டு வேலை நின்றுவிடவில்லை. காசி அண்ணன்தான் முடித்துக் கொடுக்கிறார். மழையில் கரைந்துபோன நான்கு கட்டங்களையும் மறுபடி சுண்ணாம்பில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை குவியல் மேல் யார் நடப்பது என்பதில்தான் தினமும் வாய்ச்சண்டை.

சித்தப்பா, நீங்கள் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். கூட்டத்தில் என்னால் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் பின்னால் கேட் வரைக்கும் நடந்து வந்தேன். காலில் எதுவும் குத்தவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.